மூன்று கடைக்கு ஒரு குடோன்: மென்பொருள் வாங்கினால் கையில் என்ன மிஞ்சும்?

#1 காவிரிக்கரை

அனைவருக்கும் வணக்கம். திருச்சியில் இரண்டு, லால்குடியில் ஒன்று என எங்கள் குடும்பத்துக்கு மூன்று டிபார்ட்மென்டல் கடைகள். மூன்றுக்கும் சேர்த்து அரியமங்கலம் பக்கம் ஒரு வாடகைக் குடோன். மளிகை, பிஸ்கட், சோப்பு, பிளாஸ்டிக் சாமான் என்று நாலாயிரத்துக்கும் மேற்பட்ட ரகங்கள். கடைகளில் பில்லிங் மென்பொருள் ஓடுகிறது. குடோனில் இன்னமும் நீள நோட்டுத்தான்.

குடோனைப் பார்த்துக்கொள்பவர் அப்பா காலத்து ஆள். எந்தச் சரக்கு எந்த மூலையில் என்பது அவர் தலைக்குள் இருக்கிறது. மகள் கல்யாணத்துக்காக அவர் விடுப்பில் போயிருந்த சமயம் லால்குடிக் கடையில் நெய் தீர்ந்துவிட்டது. குடோனில் தேடிய பையன்கள் இல்லை என்றார்கள். விநியோகஸ்தரிடம் புதிதாக எடுத்தோம். அவர் திரும்பி வந்ததும் உப்பு மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து அதே நெய்யைப் பெட்டி பெட்டியாக இழுத்துப் போட்டார். அதில் சிலவற்றுக்குக் காலாவதித் தேதி நெருங்கியிருந்தது.

இப்போது இரண்டு நிறுவனங்கள் கிடங்கு மேலாண்மை மென்பொருள் என்று வந்து நிற்கின்றன. இரண்டு பேரும் காட்டும் படங்களில் பளபளவென்று கண்ணாடி மாதிரி தரை, மஞ்சள் கோடு, தலைக்கவசம் போட்ட ஆட்கள். எங்கள் குடோனில் எலிப்பொறிதான் இருக்கிறது. பில்லிங் மென்பொருளிலேயே ‘குடோன்’ என்று ஒரு பகுதி இருக்கும்போது தனியாக ஒன்று எதற்கு? வாங்கியவர்கள், வாங்கிக் கைவிட்டவர்கள் இருவருமே சொல்லுங்கள்.

#2 பார்கோடு

இந்த மென்பொருள்களை அமைத்துக் கொடுப்பதே என் பிழைப்பு. ஆகவே நான் சொல்வதில் வியாபாரப் பேச்சு என்று தோன்றுவதைக் கழித்துவிட்டுப் படியுங்கள்.

உங்கள் பில்லிங் மென்பொருளுக்கு நெய் மொத்தம் எத்தனை என்று தெரியும். அது எந்த அடுக்கில், எந்தத் தட்டில், எந்த பேட்ச் (ஒரே தடவையில் தயாரான தொகுதி), என்றைக்குக் காலாவதி, கடைசியாக யார் கை வைத்தார் என்பதெல்லாம் தெரியாது. கிடங்கு மென்பொருள் இருப்பதே இந்தக் கேள்விகளுக்காகத்தான். லாரியிலிருந்து இறங்கும்போது ஒரு பதிவு, அடுக்கில் வைக்கும்போது ஒன்று, கடைக்கு எடுக்கும்போது ஒன்று, வண்டியில் ஏற்றும்போது ஒன்று. நான்கு இடத்திலும் ஸ்கேன் செய்தாக வேண்டும். ஓர் இடத்தில் விட்டாலும் மறுநாள் காலை கணினி ஒன்று சொல்லும், அடுக்கு வேறொன்று சொல்லும்.

உங்களுக்கு முதலில் தெரியும் பயன் இரட்டைக் கொள்முதல் நிற்பது. அடுத்தது காலாவதி. மூன்றாவதைப் பலர் நினைப்பதே இல்லை: நேற்று வேலைக்குச் சேர்ந்த பையனும் ‘சிவப்பு வரிசை, 4ஆம் அடுக்கு, கீழ்த்தட்டு’ என்று திரையைப் பார்த்துச் சரக்கை எடுத்து வந்துவிடுவான். பெரியவர் விடுப்பில் போனாலும் கடை நடக்கும்.

பணக் கணக்காகவும் பாருங்கள். குடோனில் சராசரியாக 60 லட்சம் ரூபாய்ச் சரக்கு நிற்கிறது, ஓவர்டிராஃப்ட் (வங்கி மிகைப்பற்று) வட்டி 12 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். தேவையில்லாமல் தேங்குவது நின்று மொத்தச் சரக்கில் 10 சதவீதம் குறைந்தால் 6 லட்சம் விடுபடுகிறது. வட்டி மட்டும் ஆண்டுக்கு 72,000. மென்பொருளின் ஆண்டுக் கட்டணத்தை இந்தத் தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விற்க வருபவர் சொல்லும் சதவீதங்களைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

#3 பழையபேரேடு

விருதுநகரில் பருப்பு மொத்த வியாபாரம். எங்களிடம் இருப்பவை மொத்தமே முப்பது, நாற்பது ரகம். உளுந்து இந்த மூலை, துவரை அந்த மூலை. கதவைத் திறந்தால் கண்ணுக்குத் தெரியும். எனக்கு இது தண்டச் செலவு.

தம்பிக்கும் ஒன்று சொல்வேன். நோட்டில் எழுதச் சோம்பல்படுகிற ஆள் ஸ்கேனரைக் கையில் கொடுத்தால் மட்டும் எழுதிவிடுவானா? நோட்டை ஒழுங்காக எழுத வைத்துப் பாருங்கள். அது நடந்தால் பிறகு மென்பொருளைப் பற்றி யோசிக்கலாம்.

#4 மருந்துக்கிடங்கு

பழையபேரேடு ஐயா சொல்வது முப்பது ரகத்துக்குச் சரி. நாலாயிரம் ரகத்துக்கு நோட்டு எழுதுவதென்றால் அதற்கே தனி ஆள் வேண்டும்.

நான் மருந்து மொத்த விற்பனை. எங்கள் பில்லில் பேட்ச் எண்ணும் காலாவதி மாதமும் இல்லாமல் ஒரு அட்டை மாத்திரைகூட வெளியே போகாது. அதனால் எங்கள் தொழிலில் இந்தப் பழக்கம் எப்போதோ வந்துவிட்டது. மளிகைக்காரர்கள் எங்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. ‘முதலில் வந்தது முதலில் போகட்டும்’ என்று எல்லோரும் சொல்வார்கள். அது போதாது. விநியோகஸ்தர் இன்று இறக்கும் சரக்கு போன மாதம் இறக்கியதைவிடப் பழைய பேட்ச்சாக இருக்கலாம். அவருடைய குடோனில் எங்கோ மாட்டிக்கொண்டிருந்ததை இப்போது தள்ளிவிட்டிருப்பார். முதலில் காலாவதியாவதுதான் முதலில் வெளியே போக வேண்டும். மனிதக் கண்ணுக்கு இது கடினம், ஏனென்றால் முன்வரிசையில் இருப்பதை எடுப்பதுதான் கையின் இயல்பு. மென்பொருள் ‘இந்தப் பெட்டியை எடு’ என்று குறிப்பிட்டுச் சொல்லி, வேறு பெட்டியை ஸ்கேன் செய்தால் ஏற்க மறுக்கும்.

இன்னொரு பயன்: காலாவதிக்குத் தொண்ணூறு நாள், அறுபது நாள் முன்பே பட்டியல் வந்துவிடும். திருப்பி எடுக்கும் விநியோகஸ்தரிடம் நேரத்தில் கொடுக்கலாம். எடுக்காதவருடைய சரக்கைக் கடையில் முன்னால் வைத்து விலை குறைத்துத் தள்ளலாம். தேதி தாண்டிய பிறகு தெரிந்தால் குப்பைக்குத்தான்.

#5 வரவுசெலவு

வரி ஆலோசகன் என்ற முறையில் சில வார்த்தைகள்.

குப்பைக்குப் போனால் நஷ்டம் சரக்கின் விலையோடு நிற்பதில்லை. சி.ஜி.எஸ்.டி. (மத்திய சரக்கு, சேவை வரி) சட்டம் 17(5)(எச்) பிரிவின்படி தொலைந்த, திருடு போன, அழிந்த, கணக்கிலிருந்து தள்ளுபடி செய்த, இலவசமாகக் கொடுத்த சரக்குக்கு உள்ளீட்டு வரி வரவு, அதாவது வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் உரிமை, கிடையாது. எடுத்திருந்தால் திருப்பிக் கட்ட வேண்டும். பலர் இதைச் செய்வதே இல்லை. எவ்வளவு தள்ளுபடி ஆனது என்ற கணக்கே இல்லாததுதான் காரணம். தணிக்கையின்போது இருப்பு குறைந்தால் விற்று மறைத்ததாகக் கேட்பார்கள். அப்போது ‘எலி கடித்தது’ என்று வாயால் சொல்லிப் பயனில்லை.

ஜி.எஸ்.டி. விதிகளில் 56ஆவது என்ன கேட்கிறது என்று ஒருமுறை படித்துப் பாருங்கள். தொடக்க இருப்பு, வரவு, விற்பனை, தொலைந்தது, அழிந்தது, இலவச மாதிரி, மீதி எல்லாம் காட்டும் இருப்புக் கணக்கு வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட வணிக இடங்கள் இருந்தால் அந்தந்த இடத்துக் கணக்கு அந்தந்த இடத்தில் இருக்க வேண்டும். மின்னணு வடிவிலும் வைக்கலாம். குடோனை ஜி.எஸ்.டி. பதிவில் கூடுதல் வணிக இடமாகக் காட்டியிருக்கிறீர்களா? இல்லையென்றால் மென்பொருளை விட்டுவிட்டு முதலில் அதைச் செய்யுங்கள்.

ஒரே பதிவு எண்ணுக்குள் குடோனிலிருந்து கடைக்குப் போகும் சரக்கு விற்பனை ஆகாது. ஆனாலும் டெலிவரி சலான் (சரக்கோடு போகும் அனுப்புச் சீட்டு) வேண்டும். தமிழ்நாட்டுக்குள் நகரும் சரக்கின் மதிப்பு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டினால் இ-வே பில்லும் (இணையத்தில் எடுக்கும் சரக்குப் போக்குவரத்துச் சீட்டு) வேண்டும். மாநிலம் விட்டு மாநிலம் என்றால் வரம்பு 50,000. வண்டியில் ஏற்றி ஸ்கேன் செய்த பட்டியலே சலானாக அச்சாகி வந்துவிட்டால் இரவில் உட்கார்ந்து எழுதும் வேலை மிச்சம்.

#6 காவிரிக்கரை

குடோன் பதிவில் இருக்கிறது ஐயா. தள்ளுபடிக் கணக்கு விஷயம் சுருக்கென்று இருந்தது, ஆடிட்டரிடம் கேட்கிறேன்.

இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. 2025 செப்டம்பர் 22 அன்று ஜி.எஸ்.டி. விகிதம் மாறியபோது நாங்கள் பட்ட பாடு. பிஸ்கட், ஷாம்பு, பற்பசை, தலைக்கு வைக்கும் எண்ணெய் எல்லாம் 18 சதவீதத்திலிருந்து 5 ஆனது. நெய், வெண்ணெய் 12 லிருந்து 5. பழைய எம்.ஆர்.பி. அச்சிட்ட சரக்கு எவ்வளவு கையிருப்பில் இருக்கிறது என்று விநியோகஸ்தர்கள் கேட்டார்கள். கணக்குக் கொடுத்தால் வித்தியாசத்தைக் கழிப்பதாகச் சிலர் சொன்னார்கள். கடைகளில் எண்ணிவிட்டோம். குடோனில் பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கித் திறந்து பார்க்க வேண்டியிருந்தது. எண்ணி முடிப்பதற்குள் புதிய விலைச் சரக்கும் வந்து அதே இடத்தில் குவிந்துவிட்டது.

இரண்டு விலைக்கும் பார்கோடு ஒன்றேதான். அப்படியிருக்க, இந்த மென்பொருளால் அதை எப்படிப் பிரித்துக் காட்ட முடியும்?

#7 பார்கோடு

நல்ல கேள்வி. வெளிநாட்டு மென்பொருள்கள் நம் ஊரில் தடுக்கி விழும் இடமே இதுதான்.

பாக்கெட்டில் உள்ள 13 இலக்க எண் (இந்தியாவில் பதிவு செய்தவற்றில் 890 என்று தொடங்கும்) பொருளைத்தான் குறிக்கும், விலையை அல்ல. எம்.ஆர்.பி. மாறினாலும் பெரும்பாலும் எண் மாறாது. எனவே நம் ஊருக்கான மென்பொருளில் ஒரே பொருளுக்குக் கீழே எம்.ஆர்.பி. வாரியாகத் தனித்தனி பேட்ச் பிரிக்க வசதி இருக்க வேண்டும். சரக்கு இறங்கும்போதே விலையைப் பார்த்துப் பதிவு செய்து, பெட்டியின் மேல் நம்முடைய சொந்த லேபிள் ஒட்ட வேண்டும். பிறகு கடைக்கு எடுக்கும்போது அந்த லேபிளைத்தான் ஸ்கேன் செய்வது. கடைக் கல்லாவில் பாக்கெட்டை ஸ்கேன் செய்ததும் இரண்டு விலையும் திரையில் வந்து எது என்று கேட்கும். அதை உங்கள் பில்லிங் மென்பொருள் இப்போதே செய்கிறது என்று நினைக்கிறேன்.

விற்க வருபவரிடம் செயல்விளக்கம் கேட்கும்போது அவருடைய மாதிரிச் சரக்கை வைத்துக் காட்ட விடாதீர்கள். உங்கள் குடோனிலிருந்து இவற்றை எடுத்துப் போங்கள்: இரண்டு விலையில் ஒரே ஷாம்பு, உள்ளே இருக்கும் பாக்கெட்டின் பார்கோடும் வெளிப்பெட்டியின் பார்கோடும் வேறுவேறாக உள்ள பிஸ்கட் பெட்டி, பத்துக்கு ஒன்று இலவசம் என்று வந்த சோப்பு, ஒரு அரிசிச் சிப்பம், பார்கோடே இல்லாத அப்பளக் கட்டு. இந்த ஐந்தையும் அவர் கண்முன்னே வரவு வைத்து, ஒரு கடைக்கு அனுப்பி, பாதியைத் திருப்பி எடுத்துக் காட்டட்டும்.

#8 பழையபேரேடு

அரிசிச் சிப்பத்தில் என்ன சிக்கல்?

#9 பார்கோடு

2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரை பொட்டலமிட்டு லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. வந்தது உங்களுக்குத் தெரியாததல்ல. உடனே ஆலைகள் 26 கிலோ சிப்பம் போடத் தொடங்கின. இன்று ஒரே குடோனில் 5 கிலோ, 10 கிலோ, 25 கிலோ, 26 கிலோ எல்லாம் நிற்கிறது. ‘அரிசி: 40 சிப்பம்’ என்று நோட்டில் இருந்தால் அது 1,000 கிலோவா, 1,040 கிலோவா? ஒன்றுக்கு வரி உண்டு, மற்றொன்றுக்கு இல்லை. இரண்டையும் வெவ்வேறு பொருளாக மென்பொருளில் ஏற்றாவிட்டால் இருப்பும் தப்பு, வரியும் தப்பு.

உங்கள் பருப்புக்கே வாருங்கள். 50 கிலோ மூட்டையைப் பிரித்து ஒரு கிலோ, அரைக் கிலோ பாக்கெட் போட்டால் 50 கிலோவும் வராது. தூசி, உடைசல், சிந்தல் போகத்தான் கிடைக்கும். புளி, வெல்லம் என்றால் வெறுமனே வைத்திருந்தாலே எடை மாறும். ஒரு மூட்டை உள்ளே, இத்தனை பாக்கெட் வெளியே, இவ்வளவு கழிவு என்று எழுதும் வசதி இல்லாத மென்பொருளை மளிகைக்கு வாங்கவே கூடாது.

#10 பழையபேரேடு

அதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். பாக்கெட் போடும் இடத்தில்தான் கணக்கு எப்போதும் உதைக்கும். கழிவு என்ற பெயரில் என்னென்னவோ போகும்.

#11 ஜவுளிப்பேட்டை

ஈரோட்டிலிருந்து. எங்களுக்கு காலாவதி கிடையாது. ஆனால் ஒரே சட்டை ஆறு அளவு, எட்டு நிறம். தீபாவளிக்கு முந்தின வாரம் ‘42 அளவு, நீலம்’ என்று ஒரு கிளையிலிருந்து கேட்டால், இன்னொரு கிளையில் மூன்று சட்டை இருப்பது உடனே தெரிந்தாக வேண்டும். தெரியாமல் போனால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார், அந்த மூன்று சட்டையும் ஆடித் தள்ளுபடிக்குத்தான் வெளியே வரும். எங்களுக்கு மென்பொருளால் கிடைத்த லாபம் முழுக்க இந்த ஒன்றில்தான். மற்றதெல்லாம் அலங்காரம்.

#12 இரவுப்பணி

மறுபக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும். சென்னைக்கு வெளியே ஒரு பெரிய ஆன்லைன் நிறுவனத்தின் கிடங்கில் சரக்கு எடுக்கும் வேலையில் இருந்தேன். கையில் கட்டிய கருவி அடுத்து எந்த அடுக்குக்குப் போக வேண்டும் என்று சொல்லும். போய்ச் சேர எத்தனை வினாடி ஆனது என்றும் எண்ணும். தண்ணீர் குடிக்க நின்றாலும் மேற்பார்வையாளர் திரையில் சிவப்பு காட்டும். சரக்குக் கணக்கு துல்லியமாகத்தான் இருந்தது. மூன்று மாதத்துக்கு மேல் ஆள் நிற்கவில்லை.

சிறிய கடைக்காரர்களுக்கு என் வேண்டுகோள்: யார் எடுத்தார் என்ற பதிவு இருக்கட்டும். அதை வைத்து ஆளுக்கு ஆள் வேகப் பட்டியல் போட்டுச் சுவரில் ஒட்டாதீர்கள். உங்கள் குடோனில் பெரும்பாலும் மூன்று, நான்கு பேர்தான் இருப்பார்கள். அவர்கள் அந்தக் கருவியை எதிரியாகப் பார்க்க ஆரம்பித்தால் ஸ்கேன் செய்யாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவதற்கு ஆயிரம் வழி கண்டுபிடிப்பார்கள்.

திரையின் மொழியையும் பாருங்கள். என்னோடு வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் பீகார், ஒடிசாவிலிருந்து வந்தவர்கள். அடுக்குக்கு அ, ஆ, இ என்று பெயர் வைத்தால் அவர்களுக்குப் புரியாது. நிறமும் எண்ணும் எல்லோருக்கும் புரியும்.

#13 காவிரிக்கரை

எங்கள் குடோனிலும் இரண்டு பேர் ஒடிசாதான். நிறமும் எண்ணும் நல்ல யோசனை தம்பி, குறித்துக்கொண்டேன்.

பார்கோடு அண்ணாவுக்கு ஒரு கேள்வி. பில்லிங் மென்பொருளில் பல பொருள்களுக்கு இருப்பு மைனஸில் நிற்கிறது. ஒரு பிஸ்கட் ரகத்துக்கு மைனஸ் 24. இல்லாத பிஸ்கட்டை எப்படி விற்றோம்? இப்படி இருக்கும்போது அதன் மேலேயே இன்னொரு மென்பொருளை ஏற்றலாமா?

#14 பார்கோடு

ஏற்றக் கூடாது. சரிசெய்துவிட்டுத்தான்.

மைனஸ் வருவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணம். ஒன்று, சரக்கு கடைக்கு வந்து விற்கவும் தொடங்கிவிடுகிறது. வரவுச் சீட்டை மாலையிலோ மறுநாளோ பதிகிறார்கள். இரண்டு, கல்லாவில் நடப்பது. ஒரு வாடிக்கையாளர் ஒரே விலையில் மூன்று சுவை பிஸ்கட் சுவைக்கு நான்காக எடுத்து வருகிறார். கூட்டம் நிற்கிறது. காசாளர் ஒன்றை ஸ்கேன் செய்து பன்னிரண்டு என்று அடித்துவிடுகிறார். தொகை சரி. இருப்பு மூன்று ரகத்திலும் தப்பு: ஒன்று மைனஸுக்குப் போகும், மற்ற இரண்டும் இல்லாததை இருப்பதாகக் காட்டும். மைனஸாவது கண்ணில் படும். இருப்பதாகக் காட்டுவது ஆபத்து, ஏனென்றால் மென்பொருள் ‘கையிருப்பு உண்டு’ என்று நினைத்து ஆர்டரே போடாது. தட்டு காலியாகவே கிடக்கும்.

இது நம் ஊர்க் குறை என்று நினைக்க வேண்டாம். ஆய்வாளர் நிக்கோல் டிஹொரேஷியஸ், ஹார்வர்டு பேராசிரியர் அனந்த் ராமன் இருவரும் அமெரிக்கச் சில்லறை நிறுவனம் ஒன்றின் 37 கடைகளில் கிட்டத்தட்ட 3,70,000 இருப்புப் பதிவுகளை நேரில் எண்ணிய கணக்கோடு ஒப்பிட்டு 2008இல் வெளியிட்டார்கள். 65 சதவீதப் பதிவுகள் பொருந்தவில்லை. எல்லா வசதியும் உள்ள நிறுவனம் அது.

அமெரிக்கச் சில்லறை விற்பனை நிறுவனமான டார்கெட் கனடாவில் கடை திறந்த கதையும் இதே ரகம்தான். 2013இல் திறந்தார்கள், 2015 ஜனவரியில் 133 கடைகளையும் மூடுவதாக அறிவித்தார்கள். பல காரணங்கள் உண்டு. அவற்றில் முக்கியமானது, அவசரத்தில் ஏற்றிய பொருள் விவரங்களில் நீள அகலமும் பெட்டிக் கணக்கும் ஏகப்பட்ட இடத்தில் தப்பு. கிடங்குகளில் சரக்கு பிதுங்கி நின்றது, கடைத் தட்டுகள் காலியாக இருந்தன. மென்பொருளுக்குக் கோடி கோடியாகக் கொடுத்தவர்களுக்கே இந்த நிலை.

ஆகவே உங்கள் நாலாயிரம் ரகத்தின் பட்டியலைச் சுத்தம் செய்வதுதான் முதல் வேலை. ஒரே பொருள் இரண்டு பெயரில் இருக்கிறதா, பெட்டிக்கு எத்தனை பாக்கெட், எந்த வரி விகிதம். இதை விற்பனையாளரின் ஆட்களிடம் விடாதீர்கள். உங்கள் குடோன் பெரியவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு நீங்களே செய்யுங்கள்.

#15 தகரக்கூரை

நடைமுறை விஷயம் இரண்டு மட்டும், யாரும் சொல்லாததால்.

லேபிள்: மலிவு என்று வெறும் வெப்பத்தில் அச்சாகும் லேபிளை வாங்காதீர்கள். பில் போடும் தாள் மாதிரிதான் அதுவும். தகரக் கூரைக்குக் கீழே சித்திரை வெயிலில் கொஞ்ச நாளில் சில மங்கிப்போகும், சில கறுத்துப்போகும், ஸ்கேனர் படிக்காது. ரிப்பன் போட்டு அச்சிடும் பிரிண்டர் வாங்குங்கள். அடுக்குகளில் நிரந்தரமாக ஒட்டும் லேபிளுக்கு இது கட்டாயம்.

வைஃபை: கடையில் வேலை செய்கிறதே என்று குடோனிலும் ஒரே பெட்டியை மாட்டினால் இரும்பு அடுக்குகளுக்குப் பின்னால் சிக்னல் வராது. முழுக் குடோனையும் கையில் கைபேசியோடு சுற்றிப் பார்த்துவிட்டு எங்கே மாட்டுவது என்று முடிவு செய்யுங்கள். இணைப்பு அறுந்தாலும் ஸ்கேன் செய்ததைக் கருவியிலேயே வைத்திருந்து பிறகு அனுப்பும் வசதி மென்பொருளில் உண்டா என்று கேளுங்கள். மின்வெட்டு நாளில் இதன் அருமை தெரியும்.

தொடக்கத்தில் தனி ஸ்கேனர் கருவிகூட வேண்டாம், சாதாரண ஆண்ட்ராய்டு கைபேசிக் கேமரா போதும். வேகம் குறைவுதான்.

#16 பழையபேரேடு

இவ்வளவு பேசினீர்கள், குடோன் வாசலைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. திருட்டும் பிசகும் அடுக்கில் நடப்பதைவிட வாசலில்தான் அதிகம் நடக்கும்.

லாரி வந்து நிற்கும். டிரைவருக்கு அடுத்த ஊருக்குப் போக வேண்டிய அவசரம். சுமைதூக்குபவர்கள் சேர்த்துச் சேர்த்து இறக்குவார்கள். நம் ஆள் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு, நாற்பது பெட்டி என்று போட்டிருக்கிறதா, ‘சரி, நாற்பது’ என்று கையெழுத்துப் போட்டுவிடுவார். முப்பத்தெட்டு இறங்கியிருக்கும். பத்துக்கு ஒன்று இலவசம் என்றால் அந்த நான்கு பெட்டி பில்லில் கடைசி வரியில் பூஜ்ய விலையில் இருக்கும். அது இறங்கியதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது.

நாங்கள் இதற்கு வைத்திருக்கும் வழி எளிது. எண்ணுபவர் கையில் பில் இருக்கக் கூடாது. அவர் எண்ணி வெறும் தாளில் எழுத வேண்டும். பிறகு வேறொருவர் பில்லோடு ஒப்பிட வேண்டும். உங்கள் மென்பொருளில் இதைச் செய்ய முடியுமா?

#17 பார்கோடு

முடியும் ஐயா. பில் அளவை மறைத்துவிட்டு எண்ணச் சொல்லும் அமைப்பு பெரும்பாலானவற்றில் இருக்கிறது. ஆனால் வாங்கியவர்கள் வேலை தாமதமாகிறது என்று அதை நிறுத்தி வைத்துவிடுவார்கள். நீங்கள் சொன்னதைத்தான் நான் வாடிக்கையாளர்களிடம் மன்றாடிக்கொண்டிருக்கிறேன். இந்த ஒன்றை மட்டும் பிடிவாதமாகச் செய்தால் பாதிப் பலன் வந்துவிடும். அதற்கு விலை உயர்ந்த மென்பொருளே தேவையில்லை.

#18 காவிரிக்கரை

எல்லோருக்கும் நன்றி. அப்பாவோடும் குடோன் பெரியவரோடும் உட்கார்ந்து பேசினேன். தன் வேலைக்கு ஆபத்து என்று அவர் முகம் வாடியது. இனி அவர் பெட்டி தூக்க வேண்டாம், வாசலில் வரவு முழுக்க அவர் பொறுப்பு என்று அப்பா சொன்ன பிறகு சமாதானமானார்.

இப்போதைய முடிவு இது. தனி மென்பொருள் உடனே வாங்கவில்லை. முதலில் பொருள் பட்டியல் சுத்தம், அடுக்குகளுக்கு நிறமும் எண்ணும், வாசலில் பில்லைப் பார்க்காமல் எண்ணுவது. பில்லிங் மென்பொருளில் உள்ள குடோன் பகுதியிலேயே பேட்ச், காலாவதி வசதியைத் திறந்து நெய், பிஸ்கட், சத்துமாவு மூன்று வகைக்கு மட்டும் ஓட்டிப் பார்க்கிறோம். அது தாங்கவில்லை என்று தெரிந்தால் ஐந்து பொருளைப் பையில் போட்டுக்கொண்டு விற்பனையாளர்களிடம் போகிறேன்.

எப்போது தொடங்கலாம்? தீபாவளிக்கு முன்பே முடித்துவிடலாம் என்று தம்பி துடிக்கிறான்.

#19 வரவுசெலவு

வேண்டாம். தீபாவளிச் சரக்கு இறங்கும்போது புது முறையைத் தொடங்கினால் இரண்டும் கெடும். பொங்கல் முடியட்டும். மார்ச் 31க்கு எப்படியும் இருப்பை எண்ணி மதிப்புப் போட்டாக வேண்டும். எண்ணிய அந்தக் கணக்கையே தொடக்க இருப்பாக வைத்து ஏப்ரல் 1 அன்று தொடங்குங்கள். ஒரே எண்ணிக்கை இரண்டு வேலைக்கும் ஆகும்.

ஒப்பந்தத்தில் ஒன்றைக் கேட்டு எழுதி வாங்குங்கள்: நீங்கள் அந்த மென்பொருளை விட்டுவிட்டாலும் உங்கள் தரவு முழுவதையும் எக்செல் வடிவில் எடுத்துக்கொள்ள முடிய வேண்டும். ஜி.எஸ்.டி. கணக்குகளை ஆண்டறிக்கையின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். மாதச் சந்தாவை நிறுத்தியதும் திரை பூட்டிக்கொண்டால் ஆறு ஆண்டுக் கணக்குக்கு யாரிடம் போய் நிற்பீர்கள்?

#20 மருந்துக்கிடங்கு

தொடங்கிய பிறகு ஆண்டுக்கு ஒருமுறை எண்ணினால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். தினமும் ஒரு வரிசை மட்டும் எண்ணுங்கள். வேகமாக ஓடும் சரக்கும் விலை உயர்ந்த சரக்கும் அடிக்கடி, உப்பு, துடைப்பம் எல்லாம் எப்போதாவது. கடை திறப்பதற்கு முன், வண்டி வருவதற்கு முன் எண்ணினால் அரை மணி நேர வேலை. வித்தியாசம் வந்தால் அன்றே காரணம் கண்டுபிடித்துவிடலாம், யார் எந்த வண்டியில் ஏற்றினார் என்பது அப்போது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும்.

#21 காவிரிக்கரை

சரி, ஏப்ரல் 1. எண்ணும் தாளின் மாதிரி யாரிடமாவது இருந்தால் இங்கே இணையுங்கள். எம்.ஆர்.பி.க்கும் காலாவதி மாதத்துக்கும் தனிப் பத்தி இருக்க வேண்டும்.

#22 பழையபேரேடு

என்னுடையது கையால் கோடு போட்டது. காலையில் படமெடுத்துப் போடுகிறேன். எம்.ஆர்.பி. பத்தியை நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள், பருப்பு மூட்டைக்கு அது கிடையாது.